அறிவியல், தொழில்நுட்பம், கலை மூன்றும் ஒரே வகுப்பில்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியில் 'ஸ்டீம்' வகுப்பு தொடங்கிவிட்டார்கள், வாரம் தவறாமல் அட்டை, பசை, கம்பி என்று பட்டியல் வருகிறது, ஆனால் பிள்ளைக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்று மட்டும் புரியவில்லை. இப்படிச் சொல்லும் பெற்றோருக்கும், "நீங்களே நடத்துங்கள்" என்று பொறுப்பைத் தலையில் கட்டப்பட்ட ஆசிரியர்களுக்கும் எழுதியது இது. 4 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீம் என்பது என்ன? யார் ஆரம்பித்தது?

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களில் கலை நீங்கலான மற்ற நான்கையும் 'ஸ்மெட்' என்று அழைத்துவந்தது. 2001 வாக்கில் எழுத்துகளை மாற்றிப்போட்டு 'ஸ்டெம்' ஆக்கினார்கள். கலையையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற குரல் அப்புறம் எழுந்தது. 2010க்குப் பிறகு ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி அதை ஓர் இயக்கமாகவே நடத்தியது.

பெயர்தான் புதிது. 1837இல் ஜெர்மனியில் மழலையர் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், சின்னஞ்சிறு மரக்கட்டைகளைக் குழந்தைகளிடம் கொடுத்தார். அதே கட்டைகளால் வீடும் நாற்காலியும் கட்டலாம், எண்ணிப் பிரித்துக் கணக்குப் போடலாம், சமச்சீரான அலங்காரமும் அமைக்கலாம். மூன்றுக்கும் தனித்தனிப் பாடவேளை அவர் வைக்கவில்லை.

எரிமலை மாதிரி செய்து வண்ணம் அடித்தால் அது ஸ்டீம்தானே?

பெரும்பாலும் இல்லை. ஒரு செயல்பாட்டைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும்: கலையை எடுத்துவிட்டால் அறிவியல் தடுமாறுகிறதா? அறிவியலை எடுத்துவிட்டால் கலை தடுமாறுகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அது ஒட்டுவேலை. சோடா மாவும் வினிகரும் நுரைத்துப் பொங்குவதற்கும் மேலே அடித்த பழுப்பு வண்ணத்துக்கும் சம்பந்தமே இல்லை. (உண்மையான எரிமலை அப்படி வெடிப்பதும் இல்லை. அது தனிக் கதை.)

சூரியக் குடும்ப மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பள்ளிக் கண்காட்சியிலும் அதே எட்டு பந்துகள், ஏறக்குறைய ஒரே அளவில், சம இடைவெளியில் கம்பியில் தொங்கும். பார்க்க அழகுதான், தகவலில் பாதி தவறு. பூமியை 1 செ.மீ. மணி என்று வைத்தால் சூரியன் ஒரு மீட்டருக்குச் சற்றே அதிகமான விட்டமுள்ள பந்து. அதை மணியிலிருந்து சுமார் 117 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நெப்டியூன் மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். இந்தக் கணக்கைக் குழந்தைகளே போட்டுப் பார்க்கட்டும். பிறகு கேளுங்கள்: "இதை ஒரு சுவரில் எப்படிக் காட்டுவாய்?" அளவைச் சரியாகக் காட்டினால் தூரம் பொய்யாகிறது, தூரத்தைச் சரியாகக் காட்டினால் கோள்கள் கண்ணுக்கே தெரியாத புள்ளிகளாகின்றன. எதை விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுத்ததைப் பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வது? இந்த முடிவை எடுக்கும் நேரத்தில்தான் அறிவியலும் கலையும் உண்மையில் ஒன்றை ஒன்று தொடுகின்றன.

எதிலிருந்து தொடங்கலாம்? ஒரு பென்சிலும் தாளும் மட்டும்தான் இருக்கிறது.

அது போதும். ஓர் எறும்பை வரையச் சொல்லுங்கள், முதலில் எறும்பைப் பார்க்காமல். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் மூன்று உருண்டை போட்டு, உருண்டைக்கு இரண்டு என்று ஆறு கால்களைப் பங்கிட்டுவிடுவார்கள். சிலர் எட்டுக் கால் போடுவார்கள். உணர்கொம்பு நேராக நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது உருப்பெருக்கியைக் கொடுத்து, உண்மையான எறும்பைப் பார்த்து இரண்டாவது படம். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "காலெல்லாம் நடுவில்தான் இருக்கு!" ஆமாம். ஆறு கால்களும் மார்புப் பகுதியில்தான் பொருந்தியிருக்கின்றன. வயிற்றில் ஒரு கால்கூடக் கிடையாது. உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே மெல்லிய இடுப்பு ஒன்று. பாடப்புத்தகத்தில் "பூச்சிகளுக்கு மூன்று இணைக் கால்கள்" என்று எத்தனை தடவை படித்தாலும் அவை எங்கே இருக்கின்றன என்ற கேள்வி எழாது. கோட்டை எங்கிருந்து தொடங்குவது என்று கை தயங்கும்போது அது தானாக எழுகிறது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள், முதல் படத்தை அழிக்க விடாதீர்கள். நினைப்புக்கும் பார்வைக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த இரண்டு படங்களில்தான் பதிவாகியிருக்கிறது.

என் மகள் "எனக்கு வரையவே வராது" என்கிறாள்.

இங்கே தேவைப்படுவது அழகான படம் இல்லை, தகவல் உள்ள படம். அதை அவளிடம் நேரடியாகவே சொல்லிவிடுங்கள். அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதலாம், "இங்கே சரியாகத் தெரியவில்லை" என்று குறிக்கலாம், ஒரு பகுதியை மட்டும் பெரிதாக வரையலாம். "நல்லா வரைஞ்சிருக்கே" என்று பாராட்டுவதைவிட "இந்த முடி எங்கிருந்து முளைக்கிறது?" என்று கேட்பது அவளை மறுபடி உருப்பெருக்கியிடம் அனுப்பும். 8, 9 வயதில் பல பிள்ளைகள் தங்கள் படம் அசல் மாதிரி இல்லையே என்று நொந்து வரைவதையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கு அறிவியல் நோட்டு ஒரு நல்ல பின்வாசல்.

உண்மையான விஞ்ஞானிகளுக்குக் கலை உதவியிருக்கிறதா, அல்லது எல்லோரும் லியொனார்டோ டா வின்சியையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா?

அவரை இங்கே விட்டுவிடலாம். எனக்குப் பிடித்த கதை 1609இல் நடந்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் என்ற கணிதவியலாளர் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்துப் படம் வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடுவே வளைந்து நெளிந்த ஒரு கோடு, சில கறைகள், அவ்வளவுதான். சில மாதம் கழித்து கலிலியோ அதே நிலவைப் பார்த்தார். இருண்ட பக்கத்தில் தனித்தனியாக மின்னும் புள்ளிகள், ஒளிப் பக்கத்தில் குட்டி நிழல்கள். இவை மலைகள், உச்சியில் முதலில் வெயில் படுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். ஒளியும் நிழலும் காட்டி வரையும் ஓவியப் பயிற்சி கலிலியோவுக்கு இருந்தது. அந்தக் கண்தான் அவருக்குக் கைகொடுத்தது என்பது கலை வரலாற்று ஆய்வாளர் சிலரின் வாதம். நான் அதை நம்புகிறேன். கலிலியோவின் படங்கள் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலவில் பள்ளங்கள் வந்துவிட்டன.

மரியா சிபில்லா மெரியன் 1699இல் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போய், புழு கூட்டுப்புழுவாகிப் பட்டாம்பூச்சியாவதை அது தின்னும் செடியோடு சேர்த்தே வரைந்தார். எந்தப் பூச்சி எந்தச் செடியை நம்பி வாழ்கிறது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும். நரம்பு செல்கள் தனித்தனியானவை என்று காட்டி 1906இல் நோபல் பரிசை இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜியுடன் பகிர்ந்துகொண்ட ரமோன் இ காஹல், சிறுவயதில் ஓவியனாக ஆசைப்பட்டவர். மருத்துவரான அப்பாதான் மருத்துவத்துக்கு இழுத்துவந்தார். காகித மடிப்பிலிருந்து பிறந்த மியூரா மடிப்பு முறையில் மடித்த சூரியத் தகடு, 1995இல் ஜப்பானின் விண்கலத்தில் ஏறிப்போய் விண்வெளியில் விரிந்தது.

தொழில்நுட்பம் என்றால் கம்ப்யூட்டர்தானே?

கத்தரிக்கோலும் தொழில்நுட்பம்தான். மையம் விலகித் துளையிட்ட ஓர் அட்டைச் சக்கரத்தைக் கம்பியில் கோத்துச் சுழற்றினால், அதன் மேல் நிற்கும் குச்சி ஏறி இறங்கும். குச்சி நுனியில் ஒரு பறவையை ஒட்டினால் பறவை பறக்கும். "மெதுவாக ஏறி, சட்டென்று விழ வேண்டும்" என்று பிள்ளை ஆசைப்பட்டால் வட்டம் போதாது, நத்தை ஓடு மாதிரி வளைந்து ஓரிடத்தில் செங்குத்தாக இறங்கும் சக்கரம் வெட்ட வேண்டும். கதை எப்படி நகர வேண்டும் என்பது இயந்திரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு மின்சாரமே வேண்டாம்.

அப்படியானால் ஆறு வயதில் கோடிங் வகுப்பு வேண்டாமா?

கட்டாயமில்லை. வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்கான நிரலாக்கத்தின் வேரே படம் வரைவதில்தான் இருக்கிறது. 1967இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் உருவாக்கிய 'லோகோ' மொழியில், பிள்ளை சொல்லும் கட்டளைப்படி ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். 2007இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகம் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' அந்த வழியில் வந்ததுதான். அது 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கு 2014இல் வந்த 'ஸ்கிராட்ச் ஜூனியர்' இருக்கிறது, அதில் படிக்கத் தெரியாத பிள்ளையும் கட்டங்களைக் கோத்துக் கதை சொல்லலாம்.

வகுப்பில் சேர்க்கும்முன் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் ஒரே மாதிரி விளையாட்டைச் செய்து முடிக்கிறார்கள் என்றால் அவர்கள் நகலெடுக்கிறார்கள். ஒவ்வொரு திரையிலும் வேறு வேறு கோளாறு இருக்கிறது, பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் நல்ல வகுப்பு.

திரை இல்லாமலும் தொடங்கலாம். ஒருவர் ஆமை, இன்னொருவர் கட்டளையிடுபவர். "ஐந்து அடி முன்னே, வலப்பக்கம் திரும்பு" என்று நான்கு முறை சொன்னால் தரையில் சதுரம். முக்கோணம் போடச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானோர் 60 பாகை திரும்பச் சொல்வார்கள், ஆமை அறுகோணத்தில் நடந்துபோகும். திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பதைத் தப்பாக நடந்த கால்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இசை கற்றால் கணக்கு நன்றாக வருமா?

இதை நம்பி இசை வகுப்பில் சேர்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்ற 'மொசார்ட் விளைவு' பேச்சு 1993இல் வந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் மொசார்ட் கேட்ட பிறகு ஒருவகை இடஞ்சார்ந்த புதிரில் அவர்கள் மதிப்பெண் சற்றுக் கூடியது, கால்மணி நேரத்துக்குள் அந்தப் பலன் கரைந்துபோனது. குழந்தைகளும் அதில் இல்லை, கணக்குத் தேர்வும் இல்லை. ஆனாலும் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு சிம்பொனி போடும் வியாபாரம் அதை வைத்துப் பெரிதாக வளர்ந்தது. கலை வகுப்பால் மற்றப் பாட மதிப்பெண் உயருமா என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் போன்றவர்களும் 2000இல் வந்த தங்கள் அறிக்கையில் அதற்கு வலுவான காரணத் தொடர்பு தென்படவில்லை என்றே சொன்னார்கள்.

இசையைக் கணக்குக்கு வேலைக்காரனாக அனுப்பாமல், இரண்டும் ஏற்கனவே சந்திக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு குழு மூன்றாவது எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இன்னொரு குழு நான்காவது எண்ணிக்கைக்கு ஒரு தட்டு. எல்லோரும் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே தட்டட்டும். 12இல் இரண்டு குழுவும் ஒன்றாகத் தட்டும். சரி, அடுத்து 4க்கும் 6க்கும் எங்கே சேரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பெருக்கிப் பார்த்து 24 என்று அடித்துச் சொல்வார்கள். தட்டும்போது 12லேயே 'டப்' என்று சேர்ந்துவிடும், ஒரு நொடி எல்லோரும் திகைத்து நிற்பார்கள். மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று விளக்குவதற்கு அதைவிட நல்ல நொடி கிடைக்காது.

கொஞ்சம் பெரிய திட்டம் ஒன்று சொல்லுங்கள், இரண்டு மூன்று வாரம் ஓடுவதாக.

நிழல் நாடகம். ஒரு வெள்ளைத் துணி, ஒரு கைவிளக்கு, அட்டை உருவங்கள். கதையைப் பிள்ளைகளே எழுதட்டும், ஒரே ஒரு நிபந்தனை: கதைக்குள் ஏதாவது ஒன்று வளர வேண்டும்.

முதல் நாள் வெறும் ஆட்டம்தான், பாடம் எடுக்காதீர்கள். இரண்டாம் நாளில் யாராவது "பூதம் இரண்டு மடங்கு ஆகணும், எவ்வளவு நகர்த்தணும்?" என்று கேட்பார்கள். அப்போது அளவுகோலைக் கொடுங்கள். விளக்குக்கும் திரைக்கும் இடையே 200 செ.மீ., உருவம் விளக்கிலிருந்து 50 செ.மீ. என்றால் நிழல் 4 மடங்கு. 25 செ.மீ.க்கு வந்தால் 8 மடங்கு. தூரம் பாதியானால் நிழல் இரட்டிப்பு. இதை அவர்களே அட்டவணை போட்டுக் கண்டுபிடிப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்தப் பூதம் வேண்டும்.

அடுத்த சிக்கல் தானாக வரும். பூதம் பெரிதானதும் ஓரமெல்லாம் மங்குகிறது. விளக்கு ஒரு புள்ளியாக இல்லாமல் அகலமாக இருப்பதுதான் காரணம். ஒரே குட்டி எல்இடி உள்ள விளக்கை வைத்துப் பாருங்கள், ஓரம் கூர்மையாகும். சில பிள்ளைகள் மங்கலே பயமாக இருக்கிறது, அப்படியே விடலாம் என்பார்கள். காரணம் தெரிந்து எடுத்த முடிவு என்றால் விட்டுவிடுங்கள். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே உருவத்துக்கு இரண்டு நிழல் விழும். சிவப்பு விளக்கை மறைத்த இடத்தில் பச்சை, பச்சையை மறைத்த இடத்தில் சிவப்பு, இரண்டும் படும் இடத்தில் மஞ்சள். வண்ணப் பெட்டியில் சிவப்பையும் பச்சையையும் குழப்பினால் அழுக்குப் பழுப்புதானே வந்தது என்று ஒரு வாதம் கிளம்பும். கிளம்பட்டும். ஒளி கூடுவதும் சாயம் ஒளியை விழுங்குவதும் வேறு வேறு என்று அப்போது சொல்லிக்கொடுத்தால் மறக்காது.

நடுவே ஒரு நாள் வெயிலில் இதே உருவத்தைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னே பின்னே நகர்த்தினால் நிழல் பெரிதாக மாறுவதே இல்லை. ஏன்? அதற்கு விடையை உடனே கொடுக்காமல் ஓரிரு நாள் தொங்கவிடுவது என் யோசனை.

கிட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். பெட்டியைத் திறந்து, படம் போட்ட தாளைப் பார்த்துப் பொருத்தி முடித்தால் ஒரு பொருள் கிடைக்கும், யோசனை பெட்டி செய்தவருடையதாகவே இருக்கும். பழைய பெட்டிகள், நூல், கிளிப், காந்தம், உருப்பெருக்கி, அளவுகோல், கைவிளக்கு இவை நீண்ட நாள் வரும். கூட ஒன்று வாங்குவதானால் நீலப்படத் தாள் வாங்குங்கள். இலையை அதன் மேல் வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் கழுவினால், நீலப் பின்னணியில் வெள்ளை இலை வரும். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த அந்த முறையால் அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவுசெய்து புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார்.

ஓர் எச்சரிக்கை. எல்இடி ஒளிரும் வாழ்த்து அட்டை செய்யும்போது பயன்படும் பொத்தான் பேட்டரியைச் சிறு குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே புண்ணாகிவிடும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் தவழும் தம்பி தங்கை இருந்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

நான் அறிவியல் ஆசிரியர். எனக்குக் கலை தெரியாது.

தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம், கலை ஆசிரியரைக் கூப்பிடுங்கள். பல பள்ளிகளில் அவரை அழைப்பது விழா மேடைக்கு அலங்காரம் செய்யத்தான். திட்டம் முடிந்த பிறகு "கொஞ்சம் அழகாக்கிக் கொடுங்கள்" என்று போய் நின்றால் அது கூட்டு வேலை ஆகாது. என்ன கேள்வியை எடுப்பது என்று பேசும் முதல் நாளிலேயே அவர் உட்கார வேண்டும்.

பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லையே?

உண்மைதான். அதனால் எல்லாப் பாடத்தையும் இணைக்கப் பார்க்காதீர்கள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாக்கினால் மனப்பாடம் எளிதாகும், நல்லது, ஆனால் அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பின்னக் கூட்டலுக்கு நேரடியாகப் பயிற்சிதான் தேவை. பருவத்துக்கு ஒரு திட்டத்தை ஆழமாகச் செய்தால் போதும். ஒளி, ஒலி, சமச்சீர், விகிதம், உயிரினங்களின் அமைப்பு, எளிய இயந்திரங்கள் ஆகியவை இதற்கு வளைந்து கொடுக்கும் பாடங்கள். வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது வளைந்து கொடுக்காது, வற்புறுத்தாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் போட்டுக் கொடுக்கிறதே, இனி ஏன் வரைய வேண்டும்?

வரைவது பார்ப்பதற்காக என்றால் இயந்திரம் வரைந்த படத்தால் பிள்ளையின் கண்ணுக்கு ஒரு பயனும் இல்லை. இன்னொரு விதத்தில் அது உதவும். எறும்பைப் பார்த்து வரைந்து முடித்த பிறகு, இயந்திரம் போட்ட எறும்புப் படம் ஒன்றைக் காட்டி "என்ன தப்பு இருக்கிறது?" என்று கேளுங்கள். சில சமயம் ஒன்றும் இருக்காது. பல சமயம் கால் எண்ணிக்கையிலோ கால் கிளம்பும் இடத்திலோ கோளாறு மாட்டும். கண்டுபிடிப்பவர்கள் கையால் வரைந்த பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

முடிந்த பொருளுக்கு மட்டும் போட்டால் அப்பா அம்மா செய்துகொடுத்த மாதிரிக்குத்தான் முதல் பரிசு போகும். குறிப்பேட்டைப் பாருங்கள். முதல் முயற்சி எப்படி இருந்தது, எங்கே மாற்றியது, ஏன் மாற்றியது என்று பிள்ளையின் கையெழுத்தில் இருக்கிறதா? அறிவியல் சரியா என்பதைத் தனியாகவும், சொல்ல வந்தது பார்ப்பவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத் தனியாகவும் மதிப்பிடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே எண் கொடுத்தால், பளபளப்பான தவறு ஒன்று மங்கலான சரியை முந்திவிடும்.

கண்காட்சிக்குப் போகும் பெற்றோர் என்ன கேட்கலாம்?

"யார் செய்தது?" என்று கேட்காதீர்கள், பதில் மனப்பாடமாக வரும். "இதில் முதலில் வேலை செய்யாமல் போனது எது?" என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளை நிறுத்தாமல் பேசும், நீங்கள்தான் அடுத்த மேசைக்கு நகர வழி தேட வேண்டியிருக்கும். அப்புறம், அங்கே வைத்திருப்பதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாமா என்று அனுமதி கேளுங்கள். "தொடாதீர்கள்" என்று பலகை வைத்த மேசையை விட்டுவிட்டு, "தொட்டுப் பாருங்க, இங்க சுத்துங்க" என்று இழுக்கும் மேசையில் நில்லுங்கள்.